36 பேர், 18 குழிகள்: டர்பனில் ஒரு மினி கோல்ஃப் காலைக்கான ஏற்பாடு

ஆடி மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்திலுள்ள மாரியம்மன் கோவில்களைத் தரிசிப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து 36 பேர் கொண்ட குழு ஒன்று வருவதாகவும், கோவில் பயணங்களுக்கு இடையே அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதை விளையாட்டாக அமைத்துத் தர வேண்டும் என்றும் சங்கத்தில் முடிவானபோது, அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். குழுவில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். எழுபதைத் தாண்டிய பாட்டிகளும் இருந்தார்கள். கடலில் இறங்குவது பாதிப்பேருக்கு ஒத்துவராது. நெடுநடை மறுபாதிக்கு ஒத்துவராது. ஓட்டமோ உடல்வலிமையோ கேட்காத, எல்லா வயதினரும் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய விளையாட்டு என்று பார்த்தால், தென்னாப்பிரிக்கர்கள் பட்-பட் என்று அழைக்கும், குறுகிய தடங்களில் பந்தை மட்டையால் தட்டி உருட்டிக் குழியில் விழவைக்கும் மினி கோல்ஃப்தான் எஞ்சியது. இத்தகைய குழுவை அழைத்துச் செல்ல நினைக்கும் பிறருக்கு உதவும் என்பதால், ஏற்பாடுகளை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பது எதிர்பார்த்ததைவிடச் சிக்கலான வேலையாக இருந்தது. ஆடியில் செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்குரிய நாட்கள் என்பதால் அவ்விரண்டையும் தொடவே முடியாது. ஞாயிறன்று கோவில்களில் கூழ் ஊற்றும் பூசை நடக்கும். சனிக்கிழமை திடலில் பிறந்தநாள் கொண்டாட வரும் கூட்டம் நிரம்பிவிடும். ஆகஸ்ட் 9 பெண்கள் தினம் என்னும் பொது விடுமுறை. அதையும் தவிர்க்க வேண்டும். ஜூலை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்ட ஒரு வார நடுநாள்தான் ஏற்றது என்று புதன்கிழமையைக் குறித்துக்கொண்டேன். ஆகஸ்டில் டர்பனில் மழை குறைவு. ஆனால் காற்று உண்டு. கடற்கரையில் காலையில் அடங்கியிருக்கும் காற்று நண்பகலுக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வலுக்கும். பந்து கனமானது, தரையோடு உருள்வது. அதைக் காற்று பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. முந்தானையையும் காகிதங்களையும் நிற்க நிழல் தேடும் முதியவர்களையும்தான் அது படுத்தி எடுக்கும். அதற்காக விடிந்ததும் போய்விடவும் முடியாது. இரவுப் பனியில் நனைந்த செயற்கைப் புல்லில் பந்து தயங்கித் தயங்கித்தான் நகரும். ஆகவே காலை ஒன்பதரை மணி என்று நேரத்தை முடிவு செய்தேன்.

அடுத்த வேலை திடலைப் பார்த்து அளப்பது. அளவுநாடா, நிறுத்தற்கடிகாரம், பென்சில் ஆகியவற்றோடு ஒரு வார நாளில் போய், பதினெட்டுத் தடங்களின் நீளம், அகலம், தடையின் வகை, ஏறி இறங்க வேண்டிய படி, நிழல் விழும் பக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாகக் குறித்தேன். இந்த விளையாட்டில் தரப்படுத்தப்பட்ட தடங்களும் உண்டு. பால் போங்னி என்பவர் வடிவமைத்து 1954இல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா நகரில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட கான்கிரீட் தடங்கள் 12 மீட்டர் நீளமும் 1.25 மீட்டர் அகலமும் கொண்டவை. போட்டிகளில் பயன்படும் சிறிய வகைத் தடங்கள் 6.25 மீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் கொண்டவை. நாங்கள் பேசிய திடலில் எந்தத் தடமும் இவற்றோடு ஒத்துப்போகவில்லை. பொழுதுபோக்குத் திடலுக்கு அது குறையும் அல்ல. ஆனால் நீளத்தைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு தடத்துக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை ஊகிக்கலாம். நேரம்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

ஏனெனில், பெரிய குழுவை மினி கோல்ஃபுக்கு அழைத்துச் செல்பவர்களுக்கு உண்மையான எதிரி காத்திருப்பு. அன்று அங்கே ஆடிக்கொண்டிருந்த, பழக்கமில்லாத நால்வர் குழு ஒன்றை அனுமதி பெற்றுக் கடிகாரத்தோடு பின்தொடர்ந்ததில், சாதாரணத் தடம் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 3 நிமிடம் பிடித்தது. ஆனால் பந்து ஒரு முழு வளையத்தில் ஏறிச் சுற்றி இறங்க வேண்டிய பதினோராவது தடமும், சுழலும் காற்றாலைக்கு அடியே நுழைய வேண்டிய ஆறாவது தடமும் தலா 5 நிமிடத்தை விழுங்கின. ஆக, நால்வருக்குப் பதினெட்டுக் குழிகளும் முடிய 58 நிமிடம். 36 பேர் என்றால் ஒன்பது நால்வர் குழுக்கள். எல்லோரும் முதல் குழியிலிருந்தே வரிசையாகத் தொடங்குவதானால், ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே 5 நிமிடம் விட்டாக வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்னால் வருபவர்கள் ஆறாவது தடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். மிக மெதுவான தடம் எந்த வேகத்தில் ஆட்களை வெளியே விடுகிறதோ, அந்த வேகத்துக்கு மேல் திடல் முழுதும் சேர்ந்தாலும் ஓடாது. கடைசிக் குழு தொடங்குவதற்கே 40 நிமிடம் ஆகிவிடும். அவர்கள் முடிப்பதற்குள் ஏறத்தாழ 100 நிமிடம் ஓடிவிடும். முதலில் முடித்தவர்கள் அந்த நேரத்தில் பாதிக்கு அருகே வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்க நேரும்.

கோல்ஃப் போட்டிகளில் ஷாட்கன் ஸ்டார்ட் என்று சொல்லப்படும் முறை இதற்கு நல்ல தீர்வு. ஒன்பது குழுக்களையும் ஒரே நேரத்தில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைத் தடங்களில் நிறுத்தி, ஒரு சீழ்க்கை ஒலியில் எல்லோரையும் தொடங்கச் செய்வது; பதினெட்டாவதை முடித்தவர்கள் முதல் தடத்துக்கு வந்து, தாங்கள் தொடங்கிய இடத்துக்கு முந்திய தடத்தில் முடிப்பார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே ஒரு காலித் தடம் இருக்கும் என்பதால் நெரிசல் உடனே உண்டாவதில்லை. மெதுவான தடத்தில் ஒன்பது குழுக்களும் கடக்க 45 நிமிடம் போதும். சிறு காத்திருப்புகளையும் சேர்த்தால் எல்லோரும் 65 முதல் 70 நிமிடத்துக்குள் ஏறக்குறைய ஒன்றாக முடிக்கலாம் என்று கணக்கு வந்தது. இதற்கு ஒரே நிபந்தனை, திடல் முழுதும் நமக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியார் ஒரு குடும்பம் நடுவில் புகுந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். வார நாள் காலையில் திடல் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதால், தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் ஒன்றரை மணி நேரத்துக்கு மொத்த வாடகை என்று பேசினேன். அதுவே இரு தரப்புக்கும் நியாயமாகப் பட்டது. மழை பெய்தால் முன்பணம் வேறு நாளுக்கு மாற்றப்படும் என்பதையும், 36 மட்டைகள் இருக்கின்றன என்பதையும், அவற்றில் சிறுவர் மட்டை எத்தனை, இடக்கைக்காரர் மட்டை எத்தனை என்பதையும், ஒவ்வொரு நால்வருக்கும் நான்கு வெவ்வேறு நிறப் பந்துகள் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பந்து நிறம் அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே தடத்தில் இரண்டு சிவப்புப் பந்துகள் உருண்டால் யாருடையது எது என்ற வழக்கைத் தீர்ப்பதற்கே ஐந்து நிமிடம் வேண்டும்.

கணக்கு சரியாக வர வேண்டுமானால், அன்றைக்குத்தான் முதன்முறையாக மட்டையைத் தொடுகிறவர்கள் குழுவில் இருக்கக் கூடாது. முந்தைய நாள் இரவு டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் உள்ள மண்டபத்தில் அவர்களுக்கு விருந்து என்பதால், அங்கேயே ஒரு பயிற்சித் தடத்தைப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். இந்த ஏற்பாடு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இங்கே கடைகளில் கிடைக்கும் ஒட்டுப்பலகை 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் கொண்டது. 18 மி.மீ. தடிமனுள்ள ஒரே பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு துண்டுகளையும் முனையோடு முனை வைத்தால், ரம்பம் தின்றது போக, ஏறத்தாழ 61 சென்டிமீட்டர் அகலத்தில் 4.88 மீட்டர் நீளத் தடம் கிடைத்துவிடுகிறது. பலகை ஒரு துண்டுகூட வீணாவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் 76 மி.மீ. உயரமுள்ள பைன் சட்டங்களைத் தனித்தனிச் சட்டகமாக அடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எதிரெதிர் சட்டங்களைத் துளைத்து இரண்டு போல்ட்டுகளால் இணைத்தேன். கழற்றினால் இரண்டு பாகமும் ஒரு பக்கியின் (இங்கே சிறு சரக்கு வண்டிக்கு வழங்கும் பெயர்) பின்தட்டில் அடங்கிவிடும். பக்கவாட்டுப் பலகைகளை மேலே வைத்து அடிக்காமல் வெளிப்புறமாக அடித்தால் தடத்தின் அகலம் குறையாது.

குழிக்கு வடிகால் குழாய். கோல்ஃபில் குழியின் விட்டம் 108 மி.மீ.; இங்கே எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும் வடிகால் பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 110 மி.மீ., உள்ளே அளந்தால் அதைவிட ஆறேழு மி.மீ. குறைவு. பந்தின் விட்டம் 43 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு என்பதால் இது தாராளமாகப் போதும். பயிற்சிக் குழி உண்மையானதைவிட நூலளவு சிறியதாக இருப்பது நல்லதும்கூட. குழாயில் 70 மி.மீ. நீளத் துண்டை அறுத்து, பலகையில் அதன் வெளிவிட்டத்துக்கு ஜிக்சா ரம்பத்தால் வட்டம் வெட்டி, குழாயின் விளிம்பு பலகை மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே இருக்குமாறு இறுக்கினேன். கடைசிப் பலகைக்கு 60 சென்டிமீட்டர் முன்னதாகக் குழியை வைத்ததால், வேகமாக அடிக்கப்பட்ட பந்து சுவரில் மோதித் திரும்பி வந்து மறுவாய்ப்புப் பெறுகிறது. விரிப்பில் குழிக்கான வட்டத்தை வெட்டும்போது, நட்சத்திர வடிவில் கீறி ஓரங்களை உள்ளே மடித்துவிடுவது எளிது. ஆனால் மடிப்பு குழியைச் சுற்றி ஒரு சிறு வரம்பாக எழும்பி, மெதுவாக வரும் பந்தை விலக்கிவிடும். குழாயையே அச்சாக வைத்துக் கூரிய கத்தியால் வட்டமாக வெட்டி, ஓர இழைகள் பிரியாமல் பசை தடவுவதே சரியான முறை. நடு இணைப்பின் மேல் விரிப்பு ஒரே துண்டாகச் செல்ல வேண்டும். அங்கே இரண்டு துண்டுகள் சந்தித்தால் பந்து ஒரு துள்ளு துள்ளும்.

விரிப்பின் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்வோடு உருளும் பந்து வேகமாகப் போகும், எதிர்த்து உருளும் பந்து விரைவில் நிற்கும். மண்டபத்தில் பழகிய வேகமும் திடலின் வேகமும் வேறுபட்டால் பயிற்சியே கெடுதலாக முடியும். கோல்ஃப் புல்வெளியின் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் 1935இல் ஒரு சாய்வுக் கோலை உருவாக்கினார். பந்தை அதன் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து உருளவிட்டு, தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளப்பார்கள். அதே கொள்கையில் வளைந்த அலுமினியக் கோணச் சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு மரக்கட்டையின் மேல் சாய்த்து, கோடு கிழித்து, திடலில் அளவெடுத்த நாளிலேயே அங்குள்ள சமதளத் தடத்தில் பந்தை உருட்டிப் பார்த்திருந்தேன். அங்கே 3.1 மீட்டர் ஓடியது. எங்கள் விரிப்பில் இழையோடு 3.6 மீட்டரும், இழைக்கு எதிராக 2.9 மீட்டரும் ஓடியது. ஆகவே எதிர்த்திசையில் விரித்துவிட்டேன். மண்டபத் தரை மட்டமாக இல்லாததால், ரசமட்டம் வைத்துப் பார்த்து, இடப்புறச் சட்டத்துக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகிய பின்புதான் பந்து நேராகப் போனது.

விருந்தன்று இரவு, முதலில் எவர் கையிலும் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்தைக் கையால் குழியை நோக்கி உருட்டச் சொன்னேன். எவ்வளவு மெதுவாக உருட்டினால் போதும் என்பது கைக்குப் புரிந்த பிறகு மட்டையைக் கொடுத்தால், புதியவர்கள் ஓங்கி அடிக்கும் பழக்கம் பெருமளவு குறைகிறது. "இது கோலிக்குண்டு ஆடுற மாதிரிதானே தம்பி" என்று காரைக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் சொல்லிவிட்டு, இரண்டாவது உருட்டிலேயே குழியில் போட்டார். மட்டையை வாங்கியபோது, வலக்கைக்காரரான அவர் இடது கையை மேலே வைப்பதற்குப் பதிலாகக் கீழே வைத்துப் பிடித்தார். "கையை மாத்திப் புடிச்சிட்டேனோ?" என்று அவர் கேட்க, அப்படியே பிடியுங்கள் அம்மா என்றேன். அதைச் சொல்ல டர்பனைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பப்வா சீவ்கோலம் என்ற இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கர், இந்த ஊரில் கோல்ஃப் ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் பணியாளராக (caddie) இருந்து, அதே தலைகீழ்ப் பிடியோடு ஆடித்தான் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாகக் கிளப் கட்டடத்துக்குள் அவரை அனுமதிக்காமல், வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். விளையாட்டு முடிந்து மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவிலுக்கு வடக்கே போகும்போது பேருந்து அந்தப் புல்வெளியைத் தாண்டித்தான் செல்லும் என்று சொன்னதும், மறுநாள் எந்தப் பக்கச் சன்னலில் உட்கார வேண்டும் என்று சிலர் கேட்டுவைத்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பெயர்பெற்ற கோல்ஃப் வீரர்களிலும் பலர் குழிக்கு அருகே பந்தைத் தட்டும்போது இடக்கையைக் கீழே வைத்தே பிடிக்கிறார்கள்.

குழுக்களை எப்படிப் பிரிப்பது என்பதில் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. குடும்பம் குடும்பமாக விட்டால் வேகமான குழுவும் மெதுவான குழுவும் தனித்தனியாகத் திரண்டு, கணக்கு கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு நால்வரிலும் முழங்கால் வலியுள்ள ஒருவர், பள்ளிப் பிள்ளை அல்லது இளைஞர் ஒருவர், எழுதத் தோதான ஒருவர் என்று கலந்தேன். குனிய முடியாதவர்களுக்காக மட்டையின் பிடி நுனியில் மாட்டும் சிறு ரப்பர் உறிஞ்சுகளை கோல்ஃப் கடையில் வாங்கினேன். மட்டையைத் தலைகீழாகக் குழிக்குள் விட்டு அழுத்தினால் பந்து ஒட்டிக்கொண்டு மேலே வரும். பாட்டிமார் இதைப் பந்து ஆட்டத்தைவிட அதிகமாக ரசித்தார்கள் என்பது என் கணிப்பு. புடவைக் கரை பந்தின் மேல் பட்டு அதை நகர்த்திவிட்டால் பழைய இடத்தில் வைத்து ஆடலாம், அபராதம் இல்லை என்று ஒரு விதியையும் சேர்த்தேன்.

மதிப்பெண் அட்டையைப் பெரிய தமிழ் எழுத்துகளில், கனத்த தாளில், ஒவ்வொரு குழுவும் தொடங்கும் தடத்தின் எண்ணைத் தலைப்பில் இட்டு அச்சடித்தோம். வழக்கமான அட்டையில் தொடக்கம் 1 என்றுதான் இருக்கும். இம்முறையில் ஏழாவது தடத்தில் தொடங்குபவரின் அட்டை 7இல் தொடங்கி 6இல் முடிந்தால்தான் குழப்பம் இராது. போட்டி விதிப்படி ஒரு தடத்தில் பந்தை ஆறு தடவைக்குமேல் அடிக்கக் கூடாது. ஆறிலும் குழியில் விழாவிட்டால் 7 என்று எழுதிவிட்டு நகர வேண்டும். இந்த உச்சவரம்பே குழுக்களின் ஓட்டத்தைக் காப்பாற்றும் விதி என்பதால் அதை அட்டையின் மேல்விளிம்பில் சிவப்பில் அச்சடித்தோம். வளையத் தடத்துக்கு மட்டும் நானாக ஒரு சலுகை வைத்தேன்: மூன்று முறை முயன்றும் பந்து வளையத்தைத் தாண்டாவிட்டால், கையால் எடுத்து அப்பால் வைத்து, ஓர் அடி அபராதத்தோடு தொடரலாம்.

புதன்கிழமை ஒன்பதரைக்குச் சீழ்க்கை ஊதியபோது விரிப்புகள் காய்ந்திருந்தன. காற்றாலைத் தடம் அஞ்சியதைவிட எளிதாகக் கடந்துபோயிற்று. வளையத் தடத்தில்தான், சலுகை இருந்தும், இரண்டு குழுக்கள் தேங்கின. அங்கே நிறுத்தியிருந்த எங்கள் சங்கத் தம்பி, காத்திருந்த குழுவை அவர்கள் இன்னும் ஆடாத பன்னிரண்டாவது தடத்தை முதலில் ஆடிவிட்டுத் திரும்பச் சொல்லி நெரிசலைத் தீர்த்தார். எந்த வரிசையில் ஆடினாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கடைசிக் குழு முடித்தபோது பத்தே முக்கால் மணி ஆகவில்லை. தனிநபர் பரிசு வைக்காமல், நால்வரின் கூட்டுத்தொகை குறைந்த குழுவுக்கே பரிசு என்று அறிவித்திருந்ததால், அட்டைகளைச் சேகரித்துக் கூட்டும் வேலையைப் பேருந்திலேயே முடித்துவிட்டோம்.

உணவைத் திடலில் பரிமாறாமல் பேருந்துக்குள்ளேயே கொடுத்ததற்குக் காரணம் குரங்குகள். டர்பனின் வெர்வெட் குரங்குகளுக்குப் பொட்டலத்தின் சரசரப்பு போதும். ஆடி மாதத்து மரக்கறி விரதம் கெடாமல், கால் ரொட்டியைக் குடைந்து அவரைப் பருப்புக் குழம்பை ஊற்றிய ‘பீன்ஸ் பன்னி’ (beans bunny) என்னும் டர்பன் உணவைச் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரவழைத்திருந்தோம். காரம் வேண்டாம் என்றவர்களுக்குத் தயிர்சாதம் தனியே இருந்தது.

பயிற்சித் தடம் இப்போது மண்டபத்தின் பின்னறையில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதை விரித்துக்கொள்ளக் கேட்கிறார்கள் என்பதால், போல்ட்டுகளைக் கழற்றி மாட்டும் சிரமம் இல்லாமல் மடக்குவதற்கு, நடு இணைப்பின் அடிப்புறத்தில் இரண்டு கீல்களைப் பொருத்தப் போகிறேன். அப்போது பலகையின் விளிம்பை எவ்வளவு சீவினால் கீல் மடங்கியும் மேற்புறம் மட்டமாக நிற்கும் என்று ஒரு துண்டு மரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.